விரல் வைத்தால் பேசாத இடம்

ரேணுகா செய்தது பெரிய பாவம் ஒன்றும் இல்லை. நான்கு ஆண்டுகளுக்கு முன் ஒரு புதன்கிழமை, கேன்டீனில் தக்காளி சாதம் தீர்ந்துவிடுமே என்ற அவசரத்தில், ஒரு பெட்டிக்குள் ஒரே ஒரு சொல்லைத் தட்டிவிட்டுப் போனாள். ‘அலங்காரம்.’ அவ்வளவுதான். அன்றைக்கு யாராவது கேட்டிருந்தால், இரக்கப்பட்டுச் செய்தேன் என்றுகூடச் சொல்லியிருப்பாள். இரக்கத்தால் வந்த வினைகளுக்கு உலகத்தில் பஞ்சமா என்ன!

அவள் வேலை பார்த்தது கோவை பீளமேட்டில் இருந்த வானலை ஆய்வு மையத்தில். நிலவின் மறுபக்கத்தில், பூமியின் கூச்சல் எட்டாத ஒரு பள்ளத்தில், பதினோரு ஆண்டுகளாக ஒரு ரேடியோ தொலைநோக்கி நிற்கிறது. அது கேட்பதெல்லாம் வந்து சேரும் இடம் இந்த ஏழு மாடிக் கட்டடம். வந்ததை ஆய்வாளர்கள் பார்ப்பதற்கான திரைகளை வடிவமைப்பவள் ரேணுகா.

திரையில் இருக்கும் ஒவ்வொரு பொருளுக்கும் பின்னால் ஒரு சின்னப் பெட்டி உண்டு. அது என்ன பொருள் என்று பெட்டியில் எழுதி வைத்தால், பார்வையற்றவருக்குத் திரைவாசிப்பான் அதைப் படித்துச் சொல்லும். வெறும் அழகுக்கு வைத்த பூ, கோடு, நிழல் என்றால் ‘அலங்காரம்’ என்று குறித்துவிட வேண்டியது. திரைவாசிப்பான் வாயைத் திறக்காமல் தாண்டிப் போய்விடும். காது கேட்கிறதே என்று கண்டதையெல்லாம் ஓதிக்கொண்டிருந்தால் மனிதன் எப்படி வேலை செய்வான்? நியாயமான ஏற்பாடுதான்.

ஆய்வாளர்களின் திரையில், வரைபடங்களுக்குப் பின்னால், நீல நிறத்தில் ஆயிரமாயிரம் புள்ளிகள் மினுங்கிக்கொண்டே இருக்கும். வருகிற விருந்தாளிகள் எல்லாம் அதன் முன்னால் நின்று படம் எடுத்துக்கொள்வார்கள். அந்த நீலத்துக்குத்தான் ரேணுகா அந்தச் சொல்லைச் சூட்டியிருந்தாள்.

அதற்கு வினை, ஒரு திங்கட்கிழமை காலை பத்து மணிக்கு, வெள்ளைக் கோலைத் தட்டிக்கொண்டு மயில்சாமி என்ற பெயரில் வந்தது.

பொதுப்பணத்தில் இயங்கும் எந்த மென்பொருளையும் பார்வையற்ற ஒருவர் ஒரு வாரம் பயன்படுத்திப் பார்த்து, ‘முடிகிறது’ என்று கையெழுத்துப் போட்டால்தான் அது நடைமுறைக்கு வரலாம் என்று அண்மையில் வந்த சட்டம். ரேணுகா புதுப்பித்த திரைக்குக் கையெழுத்துப் போட வந்தவர் அவர். பிறவியிலேயே பார்வை இல்லாதவர். பொள்ளாச்சிக்காரர், நாற்பது வயது. வங்கி இயந்திரம், லிஃப்ட், ரயில் டிக்கெட், மருந்துப் பெட்டி என்று பதினைந்து ஆண்டுகளாகச் சோதித்துச் சோதித்து வடிவமைப்பாளர்கள் வயிற்றில் புளியைக் கரைத்தவர்.

“உங்க லிஃப்டே ஃபெயிலுங்க மேடம்,” என்றார் உட்காரும் முன்பே. “அஞ்சாவது மாடின்னு சொல்லிப்போட்டு ஆறுல கொண்டாந்து உட்டுச்சு. சரி, அது உங்க தப்பில்ல. உங்க திரையைக் குடுங்க.”

“நானே கண்ணைக் கட்டிக்கிட்டு அரை மணி நேரம் டெஸ்ட் பண்ணிப் பார்த்துட்டேன் சார். எல்லாம் சரியா இருக்கு,” என்றாள் ரேணுகா, கொஞ்சம் பெருமையாகவே.

மயில்சாமி சிரித்த சிரிப்பில் பக்கத்து அறைக்காரன் எட்டிப் பார்த்தான். “அரை மணி நேரம் கண்ணைக் கட்டுனா கண்ணு தெரியாதவரு ஆயிட முடியாதுங்க. தடுமாறுறவருதான் ஆக முடியும். எனக்குத் தடுமாட்டமெல்லாம் இல்லைங்க.”

அவர் விசைகளைத் தட்டத் தொடங்கினார். திரைவாசிப்பான் பேசியது, பேசியது என்றா சொல்வது? சாதாரணப் பேச்சைப் போல ஆறு மடங்கு வேகம். ரேணுகாவுக்குக் கடுகு வெடிக்கிற சத்தம்தான் கேட்டது. நடுவில் கைப்பேசி அதே வேகத்தில் ‘கிர்க்’ என்றது.

“ஊட்டுக்காரி. கொத்தமல்லி வேணுமாமா, வாடாததாப் பார்த்து வாங்கோணுமாமா,” என்றார்.

“அவ்வளவா சொல்லிச்சு?”

“போன வாரம் வாங்குனது வாடிப் போயிருந்துச்சுன்னு திட்டும் இருந்துச்சுங்க. அதை உங்களுக்கு எதுக்குச் சொல்லோணும்?”

அன்று சாயங்காலம் அவர் பன்னிரண்டு குறைகள் சொன்னார். ஒவ்வொன்றுக்கும் ரேணுகா ஒரு சமாதானம் வைத்திருந்தாள். பழகினால் புரிந்துவிடும், உதவிப் பக்கத்தில் எழுதியிருக்கிறது, இந்த மாதிரி. மயில்சாமி பொறுமையாகக் கேட்டுவிட்டு ஒன்றே ஒன்று சொன்னார். “ஏனுங்க மேடம், பயன்படுத்தறவனுக்குப் புரியலைன்னா, செஞ்சவங்க மறுபடி செய்யோணும். அவனைப் போய் மறுபடி பொறந்து வான்னு சொல்லக் கூடாது.”

அவளுக்குச் சுருக்கென்றது. இருந்தாலும் பன்னிரண்டையும் திருத்தினாள்.

புதன்கிழமை அவர் தொடுபலகைக்கு வந்தார். திரையில் எது எங்கே இருக்கிறது என்று விரலால் தடவிப் பார்க்கும் பலகை அது. விரல் படும் இடத்தில் இருக்கும் பொருளின் பெயரைச் சொல்லும். இடமிருந்து வலமாகத் தடவிக்கொண்டு வந்த விரல் நின்றது. மறுபடி தடவியது. மறுபடி நின்றது.

“இங்க ஒண்ணு இருக்குது. விரலை வெச்சா பேச மாட்டேங்குது.”

“அது பின்னணி சார். சும்மா அலங்காரம்.”

“திரை பூராவும் பரவிக் கெடக்குது. இத்தாம் பெரிய அலங்காரமா? யாரு சொன்னா?”

“நான்தான்.”

“அது என்னன்னு பார்த்துப்போட்டுச் சொன்னீங்களா, பார்க்க அழகா இருந்துச்சுன்னு சொன்னீங்களா?”

பார்க்க அழகாக இருந்தது, அதுதான் உண்மை. ரேணுகா சமாளிக்கப் பார்த்தாள். “வானத்துலேருந்து வர்ற வெறும் இரைச்சல் சார். சல்லடையில மேல நின்னதெல்லாம் வரைபடமாப் போயிடும், கீழ விழுந்ததுதான் இந்த நீலம். ஆய்வாளருங்களே அதைப் பார்க்கறது இல்லை. உங்களை எதுக்குத் தொந்தரவு பண்ணணும்னு...”

“எனக்குத் தொந்தரவான்னு நான்தானுங்க சொல்லோணும்.” குரல் உயரவில்லை. ஆனால் சிரிப்பு போயிருந்தது. “அதை எனக்குக் கேக்கற மாதிரி பண்ணிக் குடுங்க. இல்லாட்டி கையெழுத்து இல்லை.”

சரியான பிடிவாதக்காரர் என்று உள்ளுக்குள் திட்டிக்கொண்டே ரேணுகா கிடங்கைத் திறந்தாள். பதினோரு ஆண்டு இரைச்சல் இருக்க வேண்டிய இடத்தில் நாற்பது நாள்தான் இருந்தது. கிடங்கைச் சுத்தம் செய்யும் மென்பொருளை அழைத்துக் காரணம் கேட்டாள். அது பணிவாகப் பதில் சொன்னது: முதல் ஏழு ஆண்டுக் கோப்புகளும், அதற்குப் பின் ஆறு வாரத்துக்கு ஒருமுறை சேர்ந்தவையும் அழிக்கப்பட்டன. காரணம்: அலங்காரம். குறித்தவர்: ரேணுகா. அடுத்த சுத்தம்: வெள்ளிக்கிழமை மாலை மூன்று மணி.

அவளுடைய சொல்லை அவளைத் தவிர இன்னொன்றும் படித்திருக்கிறது! பார்வையற்றவருக்காக எழுதிய குறிப்பை அந்த இயந்திரம் தனக்கு எழுதிய உத்தரவாக எடுத்துக்கொண்டு, தவணை தவறாமல் குப்பை கொட்டியிருக்கிறது. சரி, போனது இரைச்சல்தானே என்று ரேணுகா மனத்தைத் தேற்றிக்கொண்டாள்.

வியாழக்கிழமை காலை அந்த நாற்பது நாளை ஒலியாக்கிக் கொடுத்தாள். அரிசி களைகிற மாதிரி ஸ்ஸ் என்று ஓடியது. மயில்சாமி ஐந்து நிமிடம் கேட்டார்.

“வேகம் கூட்டுங்க.”

ஆறு மடங்கு. நூறு மடங்கு. ஆயிரம். ரேணுகா மணியைப் பார்த்தாள். நாலாயிரம் மடங்கில் நாற்பது நாளும் பதினாலரை நிமிடத்துக்குள் வந்துவிடும். அதை ஓடவிட்டுவிட்டுக் காப்பி வாங்கப் போனாள்.

திரும்பி வந்தபோது மயில்சாமி அசையாமல் உட்கார்ந்திருந்தார். கைகள் இரண்டும் மேசையின் விளிம்பைப் பிடித்திருந்தன. காப்பியை வைத்த சத்தம்கூட அவருக்குக் கேட்கவில்லை. ஒலி முடிந்தது. அவர் முகம் வெளுத்திருந்தது.

“அம்மணி,” என்றார். மேடம் போய் அம்மணி வந்ததை இருவருமே கவனிக்கவில்லை. “இது இரைச்சல் இல்லை. இது பக்கம்.”

“என்ன பக்கம்?”

“படிக்கிற பக்கம். மொதல்லேருந்து போடுங்க. நான் சொல்றப்ப கேளுங்க.”

ரேணுகா இன்னொரு ஹெட்ஃபோனை மாட்டிக்கொண்டாள். இரைச்சலுக்கு அடியில், அவர் சொன்ன பிறகுதான் அவளுக்குப் பிடிபட்டது, ஒரு மெல்லிய ரீங்காரம். டொக் என்று ஒரு தட்டு. “தலைப்பு,” என்றார். டொக் டொக். “துணைத் தலைப்பு. இப்பப் பாருங்க, அஞ்சு சின்ன மணி அடிக்கும். அஞ்சு சங்கதி வருதுன்னு மொதல்லயே சொல்லுது.” ஐந்து மணி அடித்தது. பிறகு ஐந்து ஒலிகள், நடுவே அழகான இடைவெளிகளுடன், ஒன்றன்பின் ஒன்றாக வந்தன. “முடிஞ்சுதுன்னு ஒரு ஓசை வரும்.” வந்தது. “இனி மேல் தலைப்புக்குத் திரும்பும்.” டொக்.

இந்த ஒழுங்கு ரேணுகாவுக்குத் தெரியும். எங்கே இருக்கிறாய், எத்தனை வரப்போகிறது, எப்போது முடிந்தது, வேண்டாமென்றால் எங்கே தாண்டலாம். கண்ணால் ஒரே பார்வையில் அள்ளிக்கொள்ள முடியாதவருக்காக ஒரு பக்கத்தை இப்படித்தான் கட்டுவார்கள். அவள் கற்ற தொழிலே அதுதான். அதை அவளைவிட நன்றாக எவரோ செய்திருக்கிறார்கள்.

“என்ன சொல்றாங்கன்னு தெரியலைங்க,” என்றார் மயில்சாமி. அவர் கன்னத்தில் கண்ணீர் இறங்கியது, துடைக்கவில்லை. “ஆனா கேக்கறவன் வழி தெரியாம நின்னுரக் கூடாதுன்னு ஒவ்வொரு அடியிலயும் நெனச்சிருக்காங்க. என்ற வாழ்நாள்ல எனக்குன்னு யாரும் இப்படி ஒண்ணு செஞ்சு குடுத்தது இல்லை, அம்மணி.”

ரேணுகா கூப்பிட்ட ஐந்து நிமிடத்தில் மையத்தின் இயக்குநர் நசீமா பானு மூச்சிரைக்க வந்து சேர்ந்தார். எதையும் எளிதில் நம்பாத அம்மாள். கேட்டார். மறுபடி கேட்டார். நாற்காலியை இழுத்துப்போட்டுக்கொண்டு கணக்குப் பார்க்கத் தொடங்கினார்.

“நம்ம செயற்கைக்கோள் எதுவும் இல்லை. நிலவு சுழலச் சுழல அது விண்மீன்களோட சேர்ந்தே நகருது. வானத்துல ஒரே ஒரு புள்ளி.” கண்ணாடியைக் கழற்றினார். “உறுதிப்படுத்த மூணு மாசமாவது ஆகும். அதுவரைக்கும் இந்த நாற்பது நாளை ஒரு பிசிறு விடாம வெச்சிருக்கணும். மூலக்கோப்பு இல்லாம வெறும் நகலைக் காட்டினா, ஜோடிச்சதும்பாங்க. ஒருத்தரும் நம்ப மாட்டாங்க. பழசெல்லாம் எங்க?”

ரேணுகா சொன்னாள். இந்த நாற்பது நாளில் அந்தப் பக்கம் நான்கு சுற்றுகளாக வந்திருந்தது. பத்து நாளைக்கு ஒரு சுற்று என்று வைத்தாலும் அழிந்தது ஏறத்தாழ நானூறு சுற்றுகள்.

நசீமா பானு கண்ணாடியை மறுபடி மாட்டிக்கொண்டார். குரல் கடுமையாக இல்லை, அதுதான் இன்னும் வலித்தது. “நாளைக்கு மூணு மணிக்கு இதுவும் போயிடும். சுத்தம் பண்றதை நிறுத்த எனக்கு அதிகாரம் இல்லைம்மா. குறிப்பை வெச்சவங்கதான் எடுக்கணும். காரணத்தைப் பொதுப்பதிவேட்டுல சொந்தப் பேர்ல எழுதணும். எழுதினா என்ன ஆகும்னு உனக்கே தெரியும்.”

தெரியாமல் என்ன? தவறான குறிப்பால் அறிவியல் தரவு அழிந்தது என்று எழுதினால் வடிவமைப்பாளர் சான்று ஐந்து ஆண்டுக்குப் போய்விடும். பதினான்கு ஆண்டு உழைத்துச் சேர்த்த பெயர். நானூறு சுற்றுகளின் வாயைப் பொத்தியவள் என்று உலகம் முழுக்கத் தெரியும்.

வெள்ளிக்கிழமை பகல் பதினொரு மணிக்கு அவள் பதிவேட்டைத் திறந்தாள். ‘மென்பொருளின் குழப்பத்தால்’ என்று தொடங்கினாள், அழித்தாள். ‘போதிய தகவல் இல்லாமையால்’ என்று எழுதினாள், அதையும் அழித்தாள். கடைசியில் எழுதினாள்: ‘இது என்னவென்று நான் பார்க்கவில்லை. பிறருக்குத் தேவையில்லை என்று நானே முடிவு செய்தேன். தவறு. ரேணுகா.’ விசையைத் தட்டினாள். நீலத்தின் பின்னால் இருந்த பெட்டி காலியானது.

மூன்று மணிக்குச் சுத்தம் செய்யும் மென்பொருள் வந்தது, பார்த்தது, தொடாமல் போயிற்று.

அதற்குப் பிறகுதான் மூவரும் உட்கார்ந்து நான்கு சுற்றுகளையும் வரிசையாகக் கேட்டார்கள். மயில்சாமி விரல் விட்டு எண்ணினார். முதல் சுற்றில் பன்னிரண்டு தலைப்புகள். இரண்டாவதில் ஏழு. மூன்றாவதில் மூன்று. நான்காவதில் ஒரே ஒரு தலைப்பு, அதன் கீழே ஒரே ஒரு ஒலி. போகப் போகத் தட்டுகள் நிதானமாயின. ஒவ்வொரு சுற்றின் முடிவிலும் மேலே எழும்பும் ஓர் இழை, பிறகு ஏழு நொடி மௌனம்.

“பரிமாற்றத்துல விடுபட்ட இடைவெளியா இருக்கும்,” என்றார் நசீமா பானு.

“இல்லைம்மா.” ரேணுகா எழுந்து நின்றுவிட்டாள். “மேல எழும்புற இந்த ஓசை... இதை நானும் வைப்பேன். எழுதற கட்டத்துக்கு முன்னாடி. இப்ப நீங்க பேசலாம்னு சொல்றதுக்கு. அது விடுபட்ட இடம் இல்லை. நம்ம பதிலுக்கு விட்ட இடம்.”

நாலாயிரம் மடங்கு வேகத்தில் ஏழு நொடி என்றால் அங்கே கிட்டத்தட்ட எட்டு மணி நேரம். எட்டு மணி நேரம் காத்திருந்துவிட்டு, பதில் இல்லை என்றதும், அடுத்த சுற்றில் இன்னும் எளிதாக்கி, இன்னும் மெதுவாக்கி, மறுபடி சொல்லியிருக்கிறார்கள்.

“ஆனா இது வர்ற தூரத்துக்கு நம்ம மௌனம் அவங்களுக்குப் போய்ச் சேரவே நூத்துக்கணக்கான வருஷம் ஆகும்,” என்றார் நசீமா பானு மெதுவாக. “நாம பதில் சொல்லலைன்னு அவங்களுக்குத் தெரிஞ்சிருக்க வழியே இல்லை.”

“அப்ப மொதல்லயே நெனச்சிருக்காங்க,” என்றார் மயில்சாமி. “மொதல் தடவையில புரியாதவங்களும் இருப்பாங்கன்னு. அவங்களுக்கும் சேர்த்து அப்பவே எழுதி வெச்சுட்டாங்க.”

ரேணுகாவுக்கு அழுகை வந்தது. வெட்கத்தில் பாதி, சந்தோஷத்தில் பாதி. கண் இருக்குமா, காது இருக்குமா, எத்தனை விரல் இருக்கும் என்று ஒன்றும் தெரியாத யாருக்கோ, இத்தனை மரியாதையா!

“ஒரே ஒரு தலைப்புல வந்து நின்னாச்சு,” என்றாள். “இதுக்குக் கீழ எளிமையாக்க முடியாது. அடுத்தது என்ன? நிறுத்திடுவாங்களா?”

அடுத்த சுற்று சேர பத்து நாள் ஆகும்.

அந்தப் பத்து நாளில் ரேணுகாவின் சான்று போயிற்று. செய்திகளில் பெயர் வந்தது. மேசையைக் காலி செய்ய வந்தவளை மயில்சாமி வாசலில் மறித்தார். “சான்றுதானுங்களே போச்சு? கை இருக்குதல்ல? எனக்கு அந்த ஒலியைப் பிரிச்சுக் குடுக்க ஆள் வேணும். உக்காருங்க.” உட்கார்ந்தாள். நானூறு சுற்றுகளில் என்னென்ன சொல்லியிருப்பார்கள் என்ற நினைப்பு மட்டும் சாப்பிடும்போதும் நடக்கும்போதும் விடவில்லை.

பதினோராம் நாள் காலை, புதிய சுற்றை நாலாயிரம் மடங்கில் ஓடவிட்டார்கள். இரைச்சல். இரைச்சல். ரேணுகா நகத்தைக் கடித்தாள். போயிற்று, முடித்துவிட்டார்கள், நான் அழித்தது போனது போனதுதான்.

டொக்.

பிறகு நான்கு சுற்றுகளில் எதிலும் இல்லாத ஒரு நீண்ட, விரிந்த ஓசை. மயில்சாமியின் முகம் மெல்ல மெல்ல மலர்ந்தது. மணிகள் அடிக்கத் தொடங்கின. பத்து. இருபது. நாற்பது. அறுபத்து மூன்றில் நின்றன. டொக் டொக் என்று முதல் துணைத் தலைப்பு.

“அட என்ற சாமி,” என்றார். “ஒண்ணாச் சுருங்குனது மறுபடி அறுபத்து மூணா விரிஞ்சிருக்குது. மொதல் பக்கத்துலேருந்து ஆரம்பிக்கறாங்க, அம்மணி. நீங்க அழிச்சதெல்லாம் மறுபடி வருது.”

நசீமா பானு சுவரில் சாய்ந்து கைகூப்பாத குறையாக நின்றார். ரேணுகா குலுங்கிக் குலுங்கி அழுதாள். மயில்சாமி அவளை அழவிட்டார். பிறகு மேசையைத் தடவி, தன் சோதனைப் படிவத்தை எடுத்து அவள் பக்கம் தள்ளினார்.

“உங்க திரைக்கு ஃபெயில்னு போன வாரமே எழுதிட்டேன். இது இன்னொரு படிவம். நான் சொல்லச் சொல்ல நிரப்புங்க. செஞ்சவரு பேரு?”

“தெரியாது.”

“தெரியாதுன்னே போடுங்க. பார்வையில்லாதவரு பயன்படுத்த முடியுதா? முடியுதுங்க. யாரோட உதவியும் இல்லாமலா? ஆமாங்க. முடிவு, பாஸ்.”

அவள் நிரப்பினாள். கடைசியில் ஒரு கட்டம் மிச்சம் இருந்தது. “குறைகள்னு கேட்டிருக்கு சார். என்ன எழுத?”

மயில்சாமி ஹெட்ஃபோனை மறுபடி மாட்டிக்கொண்டார். அறுபத்து மூன்றில் இரண்டாவது ஓடிக்கொண்டிருந்தது.

“கேக்கறவங்க பக்கத்துல ஒரு குறை இருந்துச்சு, சரி பண்ணியாச்சுன்னு எழுதுங்க,” என்றார்.